வருவதை வந்தது என்றல்: பாரதியின் பள்ளும் பவணந்தியார் விதியும்

நம் இல்லத்துப் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் ஷெல்லியைப் படிக்கின்றனர். தமிழ் வகுப்பில் பாரதியைப் படிக்கின்றனர். இரண்டு வகுப்புகளுக்கும் இடையே ஒரு மணியோசை இருப்பதால், இவ்விருவரும் ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர் என்றே எண்ணிக்கொள்கின்றனர். உண்மை அதுவன்று. எட்டயபுரத்து இளைஞராக இருந்தபோதே பாரதியார் ‘ஷெல்லிதாசன்’ என்னும் புனைபெயரில் எழுதியவர். நண்பர்களைக் கூட்டி ஷெல்லியைப் படிப்பதற்கென்றே ஒரு சிறு கழகமும் நடத்தியவர். அவருடைய சுதந்திரப் பள்ளு, நம்பிக்கையைப் பொருளாகக் கொண்ட புனைவியல் பாடல்களுள் சிறந்த ஒன்று. அதன் அமைப்பையும் பொருளையும் இப்பாடத்தில் காண்போம். துணைக்கு வருபவர், நம் சமயத்துப் பெரியாராகிய நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர்.

ஒரு மாணவியின் வினா

1978ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்ற ஆறாம் ஆண்டு. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பிற்கு இப்பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். பயிற்சியில் கற்பித்த முறைப்படியே பாடிக் காட்டினேன். கரும்பலகையில் அருஞ்சொற்பொருள் எழுதினேன். மக்கள் அனைவரும் நிகர் என்னும் காலம் வந்துவிட்டதாகக் கவிஞர் கூறுகிறார் என்று பொருளும் உரைத்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் பெற்றோர் இருவரும் கூலிக்கு நடவு நடுபவர்.

“டீச்சர், அந்தக் காலம் எப்ப வந்துச்சு?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அப்பள்ளியின் தாழ்வாரத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. சில தெருக்களின் பிள்ளைகள் தாமே மொண்டு குடித்தனர். அவள் தெருப் பிள்ளைகள் கைகளைக் குவித்து நிற்க, மற்றொருவர் மேலிருந்து ஊற்றினார். நாள்தோறும் அதைக் கண்டவள் நான். “அது கவிதைம்மா, அப்படித்தான் பாடுவாங்க. உட்காரு” என்றேன். அவள் அமர்ந்தாள்.

அவ்விடை பிழையானது. ஏன் பிழை என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இப்பாடத்தை அவ்வினாவிற்குக் காலந்தாழ்த்து எழுதிய விடையாகக் கொள்க.

புனைவியல் என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘ரொமான்டிக்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் காதற்கதை என்று நினைப்பார் உளர். இலக்கியத்தில் அது ஓர் இயக்கத்தின் பெயர். தமிழில் புனைவியல் என்பர். ஆங்கிலத்தில் இவ்வியக்கத்தின் தொடக்கமாக, வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798இல் வெளியிட்ட ‘லிரிக்கல் பாலட்ஸ்’ என்னும் தொகுதியைக் குறிப்பிடுவது வழக்கம். 1800ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதிய முன்னுரையில், நாட்டுப்புறத்து எளிய மக்களின் வாழ்வும் அவர்கள் பேசும் மொழியும் கவிதைக்கு உரிய பொருள்களே என்று வாதிட்டார். அரண்மனை மொழியிலிருந்து வயல்வெளி மொழிக்குக் கவிதையைக் கொணர்ந்தது அவ்வியக்கத்தின் முதற்பண்பு. உள்ளதை மட்டுமன்றி உளதாக வேண்டியதையும் கற்பனையால் கண்டு கூறுவது அதன் இரண்டாம் பண்பு. சுதந்திரப் பள்ளில் இவ்விரண்டும் உள்ளன.

பாடலின் உரு

பள்ளு என்பது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று; உழத்திப் பாட்டு எனவும் வழங்கும். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது முக்கூடற்பள்ளு. அதில் பள்ளன் உண்டு. அவன் மனைவியர் இருவர் உண்டு. அவர்களை ஏவும் பண்ணைக்காரனும் உண்டு. மழைக்குறி பார்த்தலும், ஏர் பூட்டலும், நாற்று நடுதலும் ஆங்கே பேசப்படுகின்றன. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டித் தண்டிப்பதும் பேசப்படுகின்றது. படிப்போர் நகைப்பதற்காகப் புனையப்பட்ட பகுதி அது. ஆனால் தொழுமரத்தில் மாட்டப்பட்ட கால் உழைப்பவன் கால் என்பதை மறத்தல் ஆகாது.

பாரதியார் இவ்வகையைத் தேர்ந்தது தற்செயலன்று. தண்டனை பெற்ற அதே உழவன் வாயில் விடுதலைப் பாட்டை வைத்தார். ‘பள்ளர் களியாட்டம்’ என்று தலைப்பின்கீழ்க் குறிப்பும் தந்தார். ஆகவே இங்கு ‘நாம்’ என்று பேசுபவர் மேடைத் தலைவர் அல்லர்; சேற்றில் நிற்பவர்.

பாடலுக்குப் பல்லவியும் ஐந்து சரணங்களும் உள்ளன. எதுகை சரணந்தோறும் அடிகளை இணைக்கின்றது. இரண்டாம் சரணத்தில் ஙகர ஒற்று, மூன்றாவதில் லகர ஒற்று, நான்காவதில் ழகரம் எனப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கலாம். அடியிறுதியில் ஒரே வினைமுற்று மீண்டும் மீண்டும் வருவது இயைபு. முதற்சரணத்தில், ‘போயிற்று’ என்பதன் பேச்சு வழக்கு வடிவமே நான்கு முறையும் அடியை முடிக்கின்றது. செந்தமிழ் வடிவத்தை ஆளக் கவிஞருக்குத் தெரியாதா? தெரியும். களத்தில் நிற்பவர் எவ்வாறு பேசுவாரோ அவ்வாறே பேச விட்டார். நான்காம் சரணத்தில் போற்றுதலையும் பழித்தலையும் குறிக்கும் இரு வடசொற்கள் ஓசையால் ஒன்றிப் பொருளால் மாறுபட்டு நிற்கின்றன, இது முரண். விழலுக்கு இறைத்த நீர் என்னும் பழமொழியையும் அச்சரணத்திலேயே ஆள்கின்றார். வயலுக்கு நீர் பாய்ச்சி வாழ்பவர் வாயில் அப்பழமொழி வெறும் உவமையாக நில்லாது, தொழிற்சொல்லாகவே ஒலிக்கின்றது.

வினைமுற்றுகளைக் கணக்கிடுக

இனி இப்பாடத்தின் நடுவிடத்திற்கு வருகிறோம். பிள்ளைகளை ஒரு தாளில் இரண்டு கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். ஒன்றில் இறந்தகால வினைமுற்றுகள்; மற்றொன்றில் எதிர்கால வினைமுற்றுகள். அடியின் இறுதியில் நிற்கும் வினைகளை மட்டும் எடுத்து எழுதச் செய்க.

முதற்சரணம்: நான்கும் இறந்தகாலம். பிறப்பு ஒன்றையே காட்டி உயர்வு பெற்ற காலமும், வெள்ளையரைத் துரை என்று அழைத்த காலமும், ஏய்ப்பவருக்கு ஏவல் செய்த காலமும் போய்விட்டன என்கிறார்.

இரண்டாம் சரணம்: முற்பாதியில், அனைவரும் சமம் என்பது உறுதியாகிவிட்டது என்று இறந்தகாலம், பிற்பாதியில், வெற்றிச் சங்கை ஊதுவதும் உலகிற்கு எடுத்துச் சொல்வதும் எதிர்காலம்.

மூன்றாம் சரணம்: நான்கும் இறந்தகாலம். ஒற்றுமையின் காலமும், பொய்யும் வஞ்சகமும் ஒழியும் காலமும், நல்லவரே பெரியவர் எனப்படும் காலமும் வந்துவிட்டன.

நான்காம் சரணம்: நான்கும் எதிர்காலம். உழவையும் தொழிலையும் போற்றுவோம். உழையாது உண்பாரைப் பழிப்போம். வீணருக்காக உழைத்து உடல் ஓயமாட்டோம் என்பன.

ஐந்தாம் சரணம்: நாடு நமது என அறிந்துகொண்டது இறந்தகாலம், இனி எவருக்கும் அடிமை செய்யாமையும் முழுமுதல் ஒருவருக்கே அடிமை பூண்டு வாழ்தலும் எதிர்காலம்.

கட்டங்களை நிரப்பிய பின் தாளைப் பாருங்கள். இறந்தகாலக் கட்டத்தில் ‘காலம்’ எழுவாயாக வரும் படர்க்கை வினைகள் மிகுந்துள்ளன. உலகம் மாறியதும், உண்மையை நாம் அறிந்ததும் அங்கே உள்ளன. எதிர்காலக் கட்டத்தில் இருப்பவை அனைத்தும் தன்மைப் பன்மை. நாம் செய்ய வேண்டியனவும் செய்யாது விட வேண்டியனவும். உலகம் மாறிவிட்டது என்று முடித்துச் சொல்லும் கவிஞர், நம் கடமையை மட்டும் முடிந்ததாகச் சொல்லவில்லை. அதை நமக்கு விட்டு வைத்திருக்கின்றார்.

பல்லவியிலும் இவ்வமைப்பே உள்ளது. ஆடலும் பாடலும் இனிச் செய்யப்போவன. விடுதலையோ அடைந்து முடிந்தது. ‘விடு’ என்னும் துணைவினை சேர்ந்தால் செயல் ஐயமற முடிந்தது என்று பொருள்படும் என்பதை இலக்கணம் படித்த பிள்ளைகள் அறிவர்.

இப்பாடலை இயற்றியவர் 1921இல் மறைந்தார். ‘நாம் இருவர்’ என்னும் திரைப்படத்தில் டி. கே. பட்டம்மாள் இதைப் பாடினார். அப்படம் வெளிவந்தது 1947 ஜனவரியில். அன்றும் ஆங்கிலேயர் ஆட்சியே நடந்தது. விடுதலை வந்தது அவ்வாண்டு ஆகஸ்டு 15இல். கவிஞர் ‘அடைந்து முடிந்தது’ என்று பாடியதற்கும் அது நடந்ததற்கும் இடையே குறைந்தது 26 ஆண்டுகள்.

பவணந்தியார் தந்த இடம்

வருவதை வந்தது என்பது இலக்கணப்படி பிழை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழினும் வழுவுதல் கூடாது. இது கால வழு. ஆயினும் பவணந்தியார் சொல்லதிகாரத்துப் பொதுவியலில், தக்க காரணம் இருப்பின் முக்காலமும் தம்முள் மயங்கலாம் என்று இடம் தருகின்றார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்பன அவர் கூறும் நான்கு காரணங்கள். பிழையாயினும் காரணம் நோக்கி ஏற்கப்படுவதால் இதனை வழுவமைதி என்கிறோம்.

உண்டுகொண்டிருப்பவர், வாயிலில் அழைக்கும் நண்பருக்கு “இதோ வந்துவிட்டேன்” என்பது விரைவு. தெளிவிற்குப் பழைய உரைகளில் ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. எறும்புகள் முட்டையைச் சுமந்து மேட்டிடம் ஏறக் கண்டவர், ‘மழை பெய்தது’ என்று இறந்தகாலத்தில் கூறுவார். மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யும் என்பதில் ஐயமில்லை.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இவ்வெடுத்துக்காட்டை ஆண்டுதோறும் காண்கிறேன். ஐப்பசி அடைமழைக்கு முன் எறும்புச் சாரை தரையிலிருந்து சுவரேறும். வெண்ணிற முட்டைகள் நெல்லுமிபோல் அசைந்து செல்லும். துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவை கடந்து போகும்வரை காத்திருப்போம். என் பேரன் வானத்தைப் பார்த்தான்; ஒரு மேகமும் இல்லை. “பாட்டி, இதுங்களுக்கு யார் சொன்னது?” என்றான். எவர் சொன்னாரோ, அவை நம்பி வாளா இருக்கவில்லை. சுமை தூக்கி நடக்கின்றன. அவற்றின் உழைப்பைக் கண்டே நாம் தெளிவு பெறுகிறோம்.

பாரதியின் இறந்தகாலம் இத்தெளிவு பற்றி வந்த கால வழுவமைதி. நாடெங்கும் மக்கள் உரிமை பேசத் தொடங்கியிருந்ததை அவர் கண்டார். எறும்பைக் கண்டு மழையைச் சொன்னார்.

பொய்யாகாதோ?

வாய்மையை நோன்பாகக் கொண்ட குடும்பங்களில் இவ்வினா எழுதல் இயல்பு. நடவாததை நடந்தது என்பது பொய்யுரையாகாதோ? இதற்கு நம் ஆகமப் பயிற்சியிலேயே விடை இருக்கின்றது.

உமாசுவாமியாரின் தத்துவார்த்த சூத்திரம் நயங்கள் ஏழு என்கிறது. அவற்றுள் முதலாவது நைகம நயம். எண்ணிய செயல் முடியுமுன்னரே, அவ்வெண்ணத்தைப் பற்றிக்கொண்டு, முடிந்ததுபோல் பேசும் பார்வை அது. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகின்றார். கோடரியுடன் செல்லும் ஒருவனை, எங்கே போகிறாய் என்று கேட்கின்றனர். ‘பிரஸ்தம் கொண்டுவர’ என்கிறான். பிரஸ்தம் என்பது நம் மரக்கால் போன்ற மர அளவை. மரமே இன்னும் வெட்டப்படவில்லை. விறகும் நீரும் சேர்த்துக்கொண்டிருக்கும் மற்றொருவன், ‘சோறு சமைக்கிறேன்’ என்கிறான். உலை இன்னும் ஏறவில்லை. இருவரும் பொய்யர் அல்லர். தீபாவளியன்று ‘இன்று வர்த்தமானர் வீடுபேறு அடைந்தார்’ என்று நாம் கூறுவதும் இந்நயத்தின் பாற்பட்டதே.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். முதல்வன் கையில் கோடரி இருக்கின்றது. இரண்டாமவன் விறகு சேர்க்கின்றான். கை வெறுமையாய்த் திண்ணையில் சாய்ந்திருப்பவன் ‘மரக்கால் கொண்டுவரப் போகிறேன்’ என்றால் அது நைகம நயம் ஆகாது, வெறும் பேச்சாகும். தொடங்கிய செயலே அச்சொல்லை மெய்யாக்குகின்றது. வாளாவிருந்து விரும்புவது ஆசை. கை வைத்துவிட்டு முடிவைச் சொல்வது நம்பிக்கை. பாரதியார் நான்காம் சரணத்தில் கடமைகளை அடுக்கியது இதனாலேயே. அச்சரணம் இல்லையேல் முதற்சரணமும் மூன்றாம் சரணமும் வெறும் ஆரவாரம் ஆகியிருக்கும்.

ஷெல்லியின் வினாவும் பாரதியின் விடையும்

ஷெல்லி 1819இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரை அடுத்த ஆற்றங்கரைச் சோலையில், மேற்குக் காற்றை விளித்து ஒரு பாடல் எழுதத் தொடங்கினார். அது 1820இல் அச்சாயிற்று. 1819 ஜூன் மாதத்தில் அவர் தம் மகனை இழந்திருந்தார். ஆகஸ்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. அத்துயரங்களுக்குப் பின் எழுந்த பாடல் அது. ஐந்து பகுதிகள், பகுதிக்குப் பதினான்கு அடிகள். மும்மூன்று அடிகளாகப் பிரிந்து, ஒரு கண்ணியின் நடு அடியில் வந்த இயைபு அடுத்த கண்ணியின் முதலிலும் இறுதியிலும் ஒலிக்கும். ஒன்றன் முடிவை மற்றொன்று தொடக்கமாகக் கொள்ளும் நம் அந்தாதியை இது ஒருவாறு நினைவூட்டும். காற்று ஓயாது தொடர்வதுபோல் ஓசையும் தொடர்கின்றது.

உதிர்ந்த சருகுகளை விரட்டும் காற்றே விதைகளையும் சுமந்து செல்கின்றது என்று கண்டவர் ஷெல்லி. ஆயினும் அவர் பாடல் பருவங்களின் சுழற்சியைச் சுட்டும் ஒரு வினாவில் முடிகின்றது. தளர்ந்த நெஞ்சின் நம்பிக்கை வினாவாக வருவதில் குறையில்லை. அவர் அடியாராகத் தம்மைக் கூறிக்கொண்ட தமிழ்க் கவிஞரோ வினாவைத் தவிர்த்து வினைமுற்றை எடுத்துக்கொண்டார். ஷெல்லி தனியொருவராகக் காற்றிடம் வேண்டினார். பாரதி ‘நாம்’ என்று பலரைச் சேர்த்துக்கொண்டார். தமிழின் ‘நாம்’ கேட்போரையும் உள்ளடக்கும், ‘நாங்கள்’ அடக்காது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டிற்குத் தனித்தனிச் சொற்கள் இல்லை. இப்பாடலைக் கேட்பவர் எவரும் ‘அது அவர்கள் கடமை’ என்று விலகி நிற்க முடியாதவாறு அச்சொல் பிணிக்கின்றது.

அவ்வினாவிற்கு விடை

தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. 1978இல் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் அப்பானையும் இருந்தது. ‘அந்தக் காலம் எப்போது வந்தது?’ என்று கேட்ட மாணவி, வினைமுற்றின் காலத்தைச் சரியாகவே கவனித்தவள். வகுப்பில் இலக்கணம் அறிந்தவள் அவள் ஒருத்தியே. நான் செய்த பிழை, கவிதை அப்படித்தான் பாடும் என்று சொன்னது மட்டுமன்று. நிகர் என்னும் காலம் வந்தது என்று கரும்பலகையில் எழுதிய என் கையில் கோடரி இல்லை, விறகும் இல்லை. அதனால் கவிஞர் வாயில் மெய்யாக இருந்த சொல் என் வாயில் பொய்யாயிற்று.

அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில், பானையில் நீர் மொண்டு தரும் முறைப்பட்டியலை நானே எழுதி ஒட்டினேன். எல்லாத் தெருப் பிள்ளைகளின் பெயரும் நாள்வாரியாக அதில் இருந்தன. முதல் நாளுக்கு அம்மாணவியின் பெயரை எழுதியிருந்தேன். சிலர் வந்து கேட்டனர், விடை சொன்னேன், பட்டியல் நிலைத்தது. அவள் மட்டும் அவ்வாண்டு பள்ளிக்குத் திரும்பவில்லை; நடவு வேலைக்குப் போய்விட்டதாக அவள் தெருப் பிள்ளைகள் கூறினர். முதல் நாள் முறையை அவள் தெருவைச் சேர்ந்த மற்றொரு சிறுமி ஏற்றாள்.

இன்று அவள் எதிரே நின்று கேட்டால் இவ்வாறு கூறுவேன்: “அம்மா, அந்தக் காலம் இன்னும் முழுதும் வரவில்லை. வரும் என்று தெளிந்தவர் வந்தது என்று பாடினார். அதை மெய்யாக்கும் வேலையை நமக்கு விட்டுச் சென்றார். நான் தாமதித்தேன்.”

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

1. மேற்கூறியவாறு இரண்டு கட்டங்கள் வரைந்து, ஐந்து சரணங்களின் இறுதி வினைகளை நிரப்புக. படர்க்கை எத்தனை, தன்மை எத்தனை என்று எண்ணுக.

2. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கிற்கும் நம் வீட்டுப் பேச்சிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தேடுக. தாத்தா பாட்டியரின் பேச்சில் மிகுதியாகக் கிடைக்கும்.

3. பாடலில் எந்தெந்தச் செய்தி நிறைவேறியுள்ளது, எது நிறைவேறவில்லை என்று குடும்பத்தார் அமர்ந்து பேசுக. நிறைவேறாத ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு நம் கை இன்று என்ன செய்கின்றது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுக. அவ்வாக்கியத்தின் வினைமுற்றுத் தன்மைப் பன்மையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் பயிற்சியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாமல் பெற்றோரும் எழுதுவது நலம்.